மாம்பழத் தயிர் பிஸ்கட் புடிங்: எங்கே பிழைத்தது, எப்படிச் சரிசெய்வது

அடுப்பில் வைக்காத இனிப்பு என்றால் பிழை வர இடமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். கேக்கில் மாவும் முட்டையும் வெந்து இறுகும்போது சின்னச் சின்னப் பிழைகள் மறைந்துவிடும். பிஸ்கட் புடிங்கை இறுக்கிப் பிடிப்பது குளிரும் கொழுப்பும் மட்டும்தான். திருகோணமலையில் மாம்பழம் மலிகிற வைகாசி, ஆனி மாதங்களில்தான் கச்சான் காற்றும் வெயிலும் சேர்ந்து அடிக்கும். பகலில் குசினிக்குள் 33, 34 பாகை செல்சியஸ் இருப்பது வழமை. பட்டர் இளகிக் கரைகிற வெப்பமும் ஏறக்குறைய அதுவேதான். எனவே பிழை என்று வந்தால் முதலில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: தண்ணீர் எந்த அடுக்கிலிருந்து கழன்றது? எந்தப் பொருள் போதிய அளவு குளிராமல் உள்ளே போனது? கீழே வருகிற அநேகமான குறைகளுக்கு இவற்றில் ஒன்று பதில் சொல்லும்.

அளவும் ஒழுங்கும்

திருத்தங்கள் எல்லாம் இந்த அளவை வைத்தே சொல்லப்பட்டிருக்கின்றன. 20 செ.மீ. சதுரமும் 7 செ.மீ. ஆழமும் உள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்று எடுங்கள். மாரி பிஸ்கட் ஏறக்குறைய 200 கிராம் வேண்டும். ஒரு அடுக்குக்கு 9 முழு பிஸ்கட் பிடிக்கும், இடைவெளிகளை நிரப்ப இரண்டு மூன்றை உடைத்துக்கொள்ளலாம். மொத்தம் மூன்று அடுக்கு. எருமைத் தயிர் 1 லீட்டர், விப்பிங் க்ரீம் 200 மி.லீ., டின்பால் (இனிப்பூட்டிய கெட்டிப் பால்) 150 கிராம், பிஸ்கட் தோய்க்கப் பால் 150 மி.லீ., தேசிக்காய்ச் சாறு 2 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மாம்பழச் சதை 550 கிராம்: அதில் 250 கிராமைச் சிறு துண்டுகளாக வெட்டுங்கள், 300 கிராமைக் கூழாக அடியுங்கள். மேல் அடுக்குக்குக் கடற்பாசித் தூள் (அகர் அகர்) 2 கிராமும் தண்ணீர் 100 மி.லீ.யும்.

தயிரை முதல் நாள் இரவே மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடியின்மேல் வைத்து, பிரிட்ஜுக்குள் வடியவிடுங்கள். காலையில் 550 கிராம் அளவில் கெட்டித் தயிர் கிடைக்கும். அதில் டின்பாலையும் உப்பையும் கரண்டியால் கலந்து, தனியே அடித்த க்ரீமை மூன்று தடவையாகச் சேர்த்து மெதுவாக மடித்துக் கலக்கவும். பாலில் தோய்த்த பிஸ்கட், அதன்மேல் தயிர்க் கலவையில் மூன்றில் ஒரு பங்கு, அதன்மேல் மாம்பழத் துண்டில் பாதி. மறுபடி அதே ஒழுங்கு. மூன்றாவது முறை பிஸ்கட்டும் தயிரும் மட்டும். ஒரு மணித்தியாலம் குளிரவிட்டு, கடற்பாசி கலந்த மாம்பழக் கூழை மேலே ஊற்றி, குறைந்தது 6 மணித்தியாலம் பிரிட்ஜில் வைக்கவேண்டும். இரவு முழுக்க வைத்தால் இன்னும் நல்லது.

எருமைத் தயிரைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதமளவில் இருக்கும். பசுப்பாலில் பெரும்பாலும் 4 வீதத்துக்கு உட்பட்டதுதான். கிண்ணியா, தம்பலகாமம், மூதூர்ப் பக்கத்திலிருந்து சட்டியில் வரும் தயிரை வடித்தால் கரண்டியில் எழும்பி நிற்கும், ஜெலற்றின் தேவைப்படாது. பசுத்தயிரில் செய்தால் இந்த அளவுகள் சரிவராது.

வெட்டியதும் துண்டு நிற்காமல் சரிகிறது

அதிகம் நடப்பது இதுதான். உடனே ஜெலற்றினைக் கூட்டவேண்டும் என்று முடிவெடுக்காமல், சரிந்த துண்டைப் பக்கவாட்டில் பாருங்கள். வெள்ளை அடுக்கு வழிந்து, பிஸ்கட் அடுக்கு முழுசாக நழுவியிருந்தால் பிழை தயிரிலோ க்ரீமிலோ இருக்கிறது. பிஸ்கட்டே குழைந்து கிடந்தால் தோய்த்ததில் பிழை. மாம்பழத் துண்டுகள் உருண்டு வெளியே வந்து, அந்த இடத்தில் குழி விழுந்திருந்தால் துண்டு பெரிதாகிவிட்டது, 1 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம்.

வெள்ளை அடுக்குதான் காரணம் என்றால் முதல் சந்தேகம் தயிர் வடிந்த நேரத்தின்மேல். இரண்டு மணித்தியாலம் தொங்கவிட்ட தயிர் பார்வைக்குக் கெட்டியாகத் தெரியும், டின்பால் சேர்ந்ததும் இளகிவிடும். வடித்த தயிரில் கரண்டியை நிமிர்த்திக் குத்துங்கள். சாயாமல் நின்றால் பதம் சரி. இன்னொரு சோதனை, துணியை அவிழ்க்கும்போது தயிர் துணியில் ஒட்டாமல் உருண்டையாக உரிந்து வரவேண்டும். துணியில் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்னும் இரண்டு மூன்று மணித்தியாலம் வேண்டும். அவசரத்துக்குத் துணியைப் பிழிந்து விடாதீர்கள். பிழிந்தால் தண்ணீரோடு தயிரும் கசியும், மிஞ்சுவது மணல்மணலாக இருக்கும். துணி மூட்டையின்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் அரைக் கிலோ பாரம் வைத்தால் நேரம் மிச்சம், தயிரும் கெடாது.

அடுத்த சந்தேகம் பீட்டர். வடித்த தயிரை மின்சார பீட்டரால் அடிப்பவர்கள் உண்டு. கெட்டித் தயிர் புரதம் கட்டிய ஒரு வலை. வேகமாக அடித்தால் அந்த வலை அறுந்து, உள்ளே பிடித்துவைத்திருந்த தண்ணீர் வெளியே வந்துவிடும். பிறகு எவ்வளவு குளிர்ந்தாலும் பழைய கெட்டி திரும்பாது. தயிருக்குக் கரண்டி மட்டும் போதும். கட்டி இருந்தால் அரிதட்டில் தேய்த்து எடுங்கள்.

கலவை இளகியதை அடுக்குவதற்கு முன்னரே கண்டால் 2 மேசைக்கரண்டி முழு ஆடைப் பால்மாவைச் சலித்துத் தூவிக் கலந்து, 20 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். பால்மா தண்ணீரை இழுத்துக்கொள்ளும், சுவையும் மாறாது. அடுக்கி முடித்தபின் கண்டால் உறைபெட்டியில் 45 நிமிடம் முதல் ஒரு மணித்தியாலம் வரை வைத்து, சூடான தண்ணீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் வெட்டிப் பரிமாறலாம். அதுவும் சரிவராவிட்டால் கரண்டியால் அள்ளிக் கண்ணாடிக் கோப்பைகளில் போடுங்கள். சுவையில் ஒரு குறையும் வராது.

அடியில் தண்ணீர் தேங்குகிறது

கண்ணாடிப் பாத்திரம் வேண்டும் என்று சொன்னது இதற்காகவும்தான். பாத்திரத்தை ஒரு பக்கம் சாய்த்து, ஓரத்தில் சேரும் தண்ணீரைத் தேக்கரண்டியில் எடுங்கள். அதன் நிறமும் சுவையும் எங்கிருந்து வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

வெளிறிய பச்சை கலந்த மஞ்சளாக, புளிப்பாக இருந்தால் அது தயிர்த் தண்ணீர். மேலே சொன்னபடி வடித்தது போதவில்லை, அல்லது அடித்தது கூடிவிட்டது. ஒரு தேக்கரண்டி அளவு இரண்டாம் நாள் தேங்குவது பிழையல்ல.

மஞ்சளாக, தித்திப்பாக இருந்தால் பழத்திலிருந்து வந்தது. மாம்பழத் துண்டில் சீனி தூவி வைப்பதால் வருகிற வினை இது. சீனி பழத்தின் உள்ளிருக்கும் தண்ணீரை வெளியே இழுக்கும். பத்து நிமிடத்திலேயே கிண்ணத்தின் அடியில் பாகு நிற்பதைக் காணலாம். டின்பாலில் தித்திப்பு இருக்கிறது, பழத்துக்குச் சீனி தேவையே இல்லை. வெட்டிய துண்டுகளை ஒரு துணியிலோ கடதாசித் துவாயிலோ பரப்பி 5 நிமிடம் ஒற்றி எடுத்தபின் அடுக்குங்கள். மெத்தப் பழுத்ததைக் கூழுக்கும், அழுத்தினால் இலேசாகக் கொடுக்கிறதைத் துண்டுக்கும் ஒதுக்குவது நல்லது. கறுத்தக் கொழும்பான் மாம்பழம் இரண்டுக்கும் பொருந்தும். நார் கூடிய பழம் கிடைத்தால் அடித்த கூழை அரிதட்டில் வடித்துவிடுங்கள். நார் பல்லில் சிக்குவதோடு மேல் அடுக்கு வெட்டுப்படும்போது கிழிந்தும் வரும்.

பால் வெள்ளையாக இருந்தால் பிஸ்கட் தோய்த்த பால். கிண்ணத்தில் மிஞ்சிய பாலைப் பிஸ்கட்டின்மேல் ஊற்றிவிடுகிற பழக்கத்தால் வருவது. மிஞ்சியதைத் தேத்தண்ணீருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வத்தகப்பழத்தில் இந்த இனிப்பைச் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு சொல்: அதில் தொண்ணூறு வீதத்துக்கு மேல் தண்ணீர். எப்படி ஒற்றினாலும் அடுக்குக்குள் நிற்காது. பரிமாறும் நேரத்தில் மேலே வைக்கலாம், உள்ளே வேண்டாம்.

பிஸ்கட் கூழாகிவிட்டது, அல்லது நடுவில் கடினமாகவே இருக்கிறது

இரண்டும் ஒரே இடத்துப் பிழை. பால் அறை வெப்பத்தில் இருக்கட்டும். சுடுபாலில் பிஸ்கட் கண்மூடித் திறப்பதற்குள் குழைந்துவிடும். ஒரு பக்கம் ஒரு வினாடி, மறுபக்கம் ஒரு வினாடி, உடனே வெளியே. தோய்த்த பிஸ்கட்டை ஓரத்தில் பிடித்துக் கிடையாக உயர்த்துங்கள். வளையாமல் நேராக நிற்கவேண்டும். மேற்பரப்பு ஈரமாக, நடுப்பகுதி விரலுக்குக் கெட்டியாக இருக்கவேண்டும். மீதி ஈரத்தைத் தயிரிலிருந்தும் பழத்திலிருந்தும் அது தானாக எடுத்துக்கொள்ளும். அதற்குத்தான் அந்த 6 மணித்தியாலம். நான்கு மணித்தியாலத்தில் வெட்டிவிட்டுப் பிஸ்கட் கடிபடுகிறது என்று மேலே பால் தெளிப்பது குறையை இரட்டிப்பாக்கும். மூடி வைத்துவிட்டு மறுநாள் பாருங்கள்.

கடற்காற்றில் திறந்து கிடந்த பக்கற் என்றால் கதை வேறு. ஈரம் ஏற்கெனவே ஏறி நமுத்துப்போன பிஸ்கட்டைப் பாலில் தோய்த்தால் கையிலேயே உடையும். அதற்குப் பாலைத் தூரிகையால் தடவினால் போதும். புதுப் பக்கற்றே நல்லது.

க்ரீம் அடிபடவே இல்லை

முதலில் பெட்டியைப் புரட்டிப் பாருங்கள். சமையலுக்கான க்ரீமும் விப்பிங் க்ரீமும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரிப் பெட்டியில் இருக்கும். கொழுப்பு 20 வீதமளவில் இருந்தால் விடியும்வரை அடித்தாலும் எழும்பாது. 35 வீதம் வேண்டும், குறைந்தது 30.

கொழுப்புச் சரியாக இருந்தும் எழும்பாவிட்டால் வெப்பம்தான் காரணம். க்ரீம் எழும்புவது, கொழுப்புத் துணிக்கைகள் பாதி இறுகிய நிலையில் ஒன்றோடொன்று ஒட்டிக் காற்றைச் சிறைப்பிடிப்பதால். 10 பாகைக்கு மேலே போனால் கொழுப்பு இளகி, ஒட்டவேண்டியது வழுக்கிவிடும். நம் குசினியில் கிண்ணத்தை மேசையில் வைத்த ஐந்தாவது நிமிடமே அந்த எல்லை தாண்டிவிடும். க்ரீமை முதல் நாளே பிரிட்ஜின் உள்பக்கத்தில் வையுங்கள், கதவில் வேண்டாம். கிண்ணத்தையும் பீட்டர் கம்பிகளையும் 15 நிமிடம் உறைபெட்டியில் வையுங்கள். பெரிய பாத்திரம் ஒன்றில் ஐஸ்கட்டியும் ஒரு கைப்பிடி உப்பும் போட்டு, அதற்குள் கிண்ணத்தை இருத்தி அடியுங்கள். விடியற்காலையில் செய்தால் பாதி வேலை தானாக முடிந்துவிடும்.

பால் க்ரீமை உறைபெட்டியில் கட்டியாக உறையவிட்டு எடுத்து அடிப்பதும் வேண்டாம். உறைந்து இளகியதில் கொழுப்பு பிரிந்து திரியாகத்தான் வரும். தாவர எண்ணெயில் செய்த டொப்பிங் வகையை உறையவைக்கலாம், அது வெயிலுக்கும் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் வாயில் ஒரு மெழுகுப் படலம் விடும். எருமைத் தயிரோடு சேர்த்துச் சாப்பிட அது ஒரு பொருத்தமும் இல்லை.

அடித்தது கூடி, பளபளப்புப் போய்ச் சொரசொரப்பாகத் தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். அடிக்காத குளிர்ந்த க்ரீம் 2 அல்லது 3 மேசைக்கரண்டி ஊற்றிக் கையால் மெதுவாகக் கலந்தால் பெரும்பாலும் திரும்பிவரும். மஞ்சள் கட்டியும் தண்ணீரும் பிரிந்துவிட்டால் அது பட்டர். பாணுக்குப் பூச வைத்துக்கொள்ளலாம்.

கடற்பாசி அடுக்கு கட்டிகட்டியாக இருக்கிறது, அல்லது தோல்போல் உரிந்து நழுவுகிறது

கடற்பாசி ஏறக்குறைய கொதிநிலையில்தான் முழுமையாகக் கரையும். 40 பாகைக்குக் கீழே வந்ததும் உறையும். உறைந்தபின் 80 பாகைக்கு மேலே போனால்தான் மறுபடி இளகும். ஜெலற்றினோ 30 பாகையை ஒட்டியே இளகத் தொடங்கிவிடும், அதாவது நம் ஊர்ச் சாப்பாட்டு மேசையிலேயே. மேல் அடுக்குக்குக் கடற்பாசியைத் தேர்வதற்கு இது முதற்காரணம். அது தாவரப் பொருள் என்பதால் மரக்கறி உண்பவர், ஹலால் பார்ப்பவர் யாருக்கும் தயங்காமல் கொடுக்கலாம் என்பது இரண்டாவது.

கட்டி விழுவது, கொதித்த கடற்பாசித் தண்ணீரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த கூழில் ஊற்றுவதால். தொட்ட இடத்திலேயே நூல்நூலாக உறைந்துவிடும். தூளைப் பச்சைத் தண்ணீரில் 10 நிமிடம் ஊறவைத்து, 2 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். மாம்பழக் கூழைத் தனியே வெதுவெதுப்பாக்கி, அதில் சேர்த்து வேகமாகக் கலக்குங்கள். தேசிக்காய்ச் சாற்றைக் கடைசியில் விடவும். புளியோடு சேர்த்துக் கொதித்தால் கடற்பாசியின் பிடி தளரும். கட்டி விழுந்துவிட்டதா? எல்லாவற்றையும் சட்டியில் ஊற்றி, கிளறியபடி மீண்டும் ஒரு கொதி வரும்வரை சூடாக்கினால் கரைந்துவிடும். நூலாக விற்கிற கடற்பாசியின் பலம் வகைக்கு வகை வேறுபடும். ஒரு தேக்கரண்டி கலவையைக் குளிர்ந்த தட்டில் விட்டு இரண்டு நிமிடம் பொறுத்துப் பாருங்கள்; தட்டைச் சாய்த்தால் ஓடாமல், விரலால் அழுத்தினால் எளிதில் உடையவேண்டும். ரப்பர்போல் துள்ளினால் கூழோ தண்ணீரோ கூட்டவும்.

உரிந்து நழுவுவதற்குக் காரணம், கீழே இருக்கும் தயிர் அடுக்கு வழவழப்பாக இருந்தது, அல்லது அதன்மேல் ஈரம் பூத்திருந்தது. முள்ளுக்கரண்டியால் தயிரின் மேற்பரப்பை இலேசாகக் கீறுங்கள், பூத்த ஈரத்தைக் கடதாசித் துவாயால் ஒற்றுங்கள். கூழை விரல் பொறுக்கும் சூட்டில், அதாவது 50 பாகைக்குச் சற்றுக் கீழே, ஒரு கரண்டியின் பின்புறத்தில் விழும்படி ஊற்றவும். அதைவிடச் சூடாக ஊற்றினால் க்ரீம் உருகி வெள்ளை வெள்ளையாக மேலே மிதந்து வரும்.

அன்னாசி போட்டேன்: ஜெலற்றின் உறையவில்லை, தயிர் கசக்கிறது

பச்சை அன்னாசியில் புரதத்தை அறுக்கிற நொதியம் ஒன்று உண்டு, பெயர் புரோமலெயின். ஜெலற்றினும் புரதம், தயிரின் கெட்டியும் புரதம். ஜெலற்றினை அது உறையவே விடாது. தயிரையும் க்ரீமையும் சில மணித்தியாலத்தில் இளக்கிக் கசப்பேற்றிவிடும். பப்பாசியிலும் இதே இனத்து நொதியம் இருக்கிறது, காயில் கூட, பழத்தில் குறைவு. மாம்பழத்தில் இந்தக் கரைச்சல் இல்லை.

அன்னாசித் துண்டுகளை 2 மேசைக்கரண்டி சீனியோடு 5 நிமிடம் கொதிக்கவைத்து, முற்றாக ஆறவிட்டு, பாகை வடித்துவிட்டு அடுக்குங்கள். சூட்டில் நொதியம் செயலிழந்துவிடும். டின்னில் அடைத்த அன்னாசி ஏற்கெனவே சூடேற்றப்பட்டது, அப்படியே போடலாம். கசந்துபோன தயிரைத் திருத்த வழியில்லை.

பாலைப்பழக் காலத்தில் அதையும் அடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் பால் உதட்டில் ஒட்டுவதுபோல க்ரீமிலும் பிசினாக ஒட்டும். அப்படியே உண்பதுதான் அதற்கு மரியாதை.

மாம்பழத்தில் காரலும் கசப்பும்

காம்படியில் வடிகிற பால்தான். காம்பைக் கிள்ளி, பழத்தைத் தலைகீழாகப் பத்து நிமிடம் நிறுத்தி, கழுவித் துடைத்தபின் தோலைச் சீவுங்கள். காம்பைச் சுற்றி ஒரு விரலளவு சதையை விட்டுவிடலாம்.

மீன் மணம் ஏறிவிட்டது

கொழுப்பு மணத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கடலோரத்து வீட்டுப் பிரிட்ஜில் மீனும் கருவாடும் இல்லாத நாள் அரிது. மூடி இல்லாத பாத்திரம் என்றால் பொலித்தீன் சுற்றி, அதற்குமேல் ஒரு பையும் போட்டு மேல் தட்டில் வையுங்கள். ஏறிய மணம் இறங்காது.

வெளியே கொண்டுபோனால் இளகிவிடுகிறது

பால் சேர்ந்த உணவை வெளியே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வைக்கக்கூடாது. 32 பாகைக்கு மேலான வெயிலில் அது ஒரு மணித்தியாலம்தான். மூதூருக்கோ நிலாவெளிக்கோ கொண்டுபோவதென்றால் புறப்படுமுன் உறைபெட்டியில் ஒரு மணித்தியாலம் வைத்து, ரெஜிபோம் பெட்டியில் அடியிலும் பக்கத்திலும் ஐஸ் வைத்து அடையுங்கள். மீனுக்கு வாங்குகிற ஐஸ் உணவில் படக்கூடாதது. அதைத் தடித்த பொலித்தீன் பையில் கட்டிப் போட்டு, புடிங் பாத்திரத்தையும் தனியே சுற்றிவிடுங்கள். பெட்டி பஸ்ஸில் மடியில் இருக்கட்டும், எஞ்சின் பக்கம் வேண்டாம்.

கரண்ட் போனால் பிரிட்ஜைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் ஏறக்குறைய 4 மணித்தியாலம் குளிர் பிடித்திருக்கும். அதற்குமேல் போய், பாத்திரத்தின் அடி கைக்குக் குளிராமல் இருந்தால், மேலே எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் பரிமாறவேண்டாம்.